மேலே இழுத்த கட்டைவிரல்

டாக்குரியாவில் வளர்ந்த வித்யாலக்ஷ்மி, அலிப்பூரில் அரசு ஊழியர். 2005இல் தோழி மௌஷுமியோடு முதுகுப்பை சுமந்து அந்தமான் தீவுகளைச் சுற்றியபோது, இருவரும் ஸ்கூபா என்னும் ஆழ்நீச்சல் கற்கச் சேர்ந்தார்கள்.

நீருக்கடியில் பயிற்சியாளர் உத்தமன் சைகையில் நலம் கேட்டபோதெல்லாம் வித்யா கட்டைவிரலை உயர்த்தினாள். உடனே அவர் அவளை மேலே கொண்டுவந்தார். மூன்றாம் முறை அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நன்னாத்தானே இருக்கேன்! ஏன் சார் சும்மா சும்மா மேல இழுக்கறேள்?"

"கட்டைவிரல்னா மேல போகணும்னு அர்த்தம்மா. நல்லா இருந்தா அதையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டமா வளைக்கணும். கரையிலயே சொன்னேனே!"

அவர் சொன்னபோது மௌஷுமி அவள் காதருகே மதியச் சாப்பாட்டைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது படகிலிருந்து சிரித்தாள். வித்யா அவளை முறைத்துவிட்டு, விரல்களை வளைத்துக்கொண்டே மறுபடி இறங்கினாள். மீன்கூட்டம் முகத்தை உரசிப் போனபோதும் அந்த வட்டத்தைப் பிரிக்கவில்லை.