எக்ஸிட் தெரியும், தெரு தெரியாது

உலகத்தையே கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்க ஆள் தேடி அலைவதுதான் புவியியல் டீச்சர் வேலை. சக ஆசிரியர்களே, இந்த வருஷம் எனக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. நம் சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டு மாணவர்கள் வருஷக் கடைசியில் அடுத்த இரண்டு வருஷத்துக்கான பாடம் தேர்ந்தெடுப்பார்கள். பதினைந்து பேராவது கேட்காவிட்டால் அடுத்த வருஷம் புவியியல் வகுப்பே கிடையாது என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். பாடம் நடத்தினால் மட்டும் போதாது, ஆளும் பிடிக்க வேண்டும்.

வீட்டிலிருந்து பள்ளிக்கு

பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னேன். பொங்கோலிலிருந்து வரும் தினேஷ் நான்கு கட்டம் போட்டு அம்புக்குறியால் இணைத்திருந்தான். வீடு, லிஃப்ட், எம்ஆர்டி ரயில், பள்ளி. ஒரு தெரு, ஒரு மரம், ஒரு காப்பிக்கடை? ஒன்றுமில்லை. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம் நடக்கிறாயே, அது எங்கே என்று கேட்டேன். வகுப்பில் எல்லாம் ஆங்கிலம்தான். மாட்டிக்கொண்டால் மட்டும் தமிழ்ப் பிள்ளைகள் தமிழுக்கு வருவார்கள்.

"அப்ப நான் ஃபோன் பாத்துட்டு இருப்பேன் டீச்சர்."

தின்னப்பட்ட மலை

வரைபடத்தில் மலையின் உயரத்தைக் காட்டும் சமவுயரக் கோடுகளைப் புரியவைக்க, அடுக்கடுக்காக இருக்கும் குவே லாப்பிஸ் பலகாரம் வாங்கிப் போனேன். குழுவுக்கு ஒரு துண்டு. அதை மலைபோல் வெட்டி, ஒவ்வோர் அடுக்கின் விளிம்பையும் தாளில் வரைய வேண்டும். என்னை நானே மெச்சிக்கொண்டேன். ப்ரொஜெக்டரைச் சரிசெய்யத் திரும்பியதுதான் தப்பு. திரும்பிப் பார்த்தால் வகுப்பே மென்றுகொண்டிருக்கிறது. தினேஷ் மட்டும் நேர்மையாகக் கை தூக்கினான்.

"எங்க குரூப்ல கடல் மட்டம் மட்டும்தான் மிச்சம் டீச்சர்."

தேக்காவில் முக்கால் மணி நேரம்

எப்படியாவது ஆசை வரட்டும் என்று லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப்போனேன். ஃபோன்களை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டு காகித வரைபடம் கொடுத்தேன். தேக்கா சந்தையிலிருந்து டன்லப் ஸ்ட்ரீட்டுக்கு வர வேண்டும். நடந்தால் பத்து நிமிஷம்.

கிளமெண்டியிலிருந்து வரும் இன்னொரு தமிழ்ப் பிள்ளை ரேச்சல், தெரு போகும் திசைக்கு வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நேராக வந்து சேர்ந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பிள்ளையாவது!

தினேஷ் குழு முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. அதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. வழி தவறியதும் அவர்கள் யாரையும் கேட்கவில்லை, வரைபடத்தையும் விரிக்கவில்லை. எம்ஆர்டி ஸ்டேஷனுக்குள் இறங்கி, வேறு எக்ஸிட் வழியாக மேலே வந்து பார்த்திருக்கிறார்கள். தெரு கிடைக்காததால் மறுபடி இறங்கி, அடுத்த எக்ஸிட்.

"எல்லா எக்ஸிட்லயும் ஏறிப் பாத்துட்டோம் டீச்சர், இந்தத் தெருவுக்கு எக்ஸிட்டே இல்லலா."

பதினைந்தாவது பெயர்

புவியியல் கேட்டவர்கள் பட்டியல் வந்தது. மூன்று தடவை எண்ணினேன். பதினான்கு. தினேஷ்கூட இருந்தான். ரேச்சல் இல்லை. அவள் ஒருத்தியைத்தான் நிச்சயம் என்று வைத்திருந்தேன், மனசு விட்டுப்போயிற்று. வெட்கத்தை விட்டு, கேண்டீன் வாசலில் அவளை நிறுத்திக் கேட்டேன். அவளுக்கு நான் கேட்டதே ஆச்சரியம்.

"மேப் பாக்கத்தான் நீங்க நல்லா சொல்லிக் குடுத்துட்டீங்களே டீச்சர், இன்னும் ரெண்டு வருஷம் எதுக்கு?"

வருஷம் முழுக்க ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஒரு பிள்ளை குறைந்ததால்தான் வகுப்பை மூடிவிட்டார்கள்.