சகலையின் முட்டுக்கல்

என் கார் டிக்கியில் ஒரு கருங்கல் இருக்கிறது. பெரிய கொழுக்கட்டை அளவு. ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து போன கறை. பல வருடம் அது ஒரு பழைய பனியன் துணிக்குள் சுற்றியே கிடந்தது. டிக்கியைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் துணி மூட்டையை உள்ளே தள்ளிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பேன். அது என்னுடைய கல் இல்லை. என் சகலையுடையது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். கச்சிராயபாளையத்துக்காரர். வெள்ளிமலைக்கு வாடகை ஜீப் ஓட்டியவர். மலையிலிருந்து தினை, சாமை மூட்டைகளும் ஆட்களும் கீழே இறங்குவதும், உப்பும் மண்ணெண்ணெயும் மேலே ஏறுவதும் அவர் ஜீப்பில்தான். மலை வண்டி எதிலும் கல் ஒன்று இருக்கும். ஏற்றத்தில் நிறுத்தினால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க. சகலைக்கு அது வெறும் கல் இல்லை, வண்டியின் ஒரு பாகம். ஆயுத பூஜைக்கு ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வைத்தால் கல்லுக்கும் வைப்பார். ஜீப்பை விற்றபோது ஸ்டெப்னியைக்கூடக் கொடுத்துவிட்டார், கல்லைக் கொடுக்கவில்லை.

நான் கள்ளக்குறிச்சியில் உதிரி பாகக் கடை வைத்திருப்பவன். படிப்பு பத்தோடு சரி. ஆனால் கார் என்றால் எனக்குப் பைத்தியம். கடைக்கு வருகிற ஒவ்வொரு டப்பாவின் மேல் இருக்கிற எழுத்தையும் விடாமல் படிப்பேன். புரியாததை மெக்கானிக்குகளிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துவிடும், ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் பெடல் மெத்தையாக அமுங்குமே தவிர வண்டி நிற்காது என்று இருட்டில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சகலைக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் பெடலில் காலை வைத்ததுமே, "சகல, ஆயில் மாத்தணும்ங்க, கால்ல தயிர் மாதிரி படுது" என்பார். திறந்து பார்த்தால் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் எழுத்துக் கூட்டிப் படித்து வாங்கின ஞானம் அந்த மனுஷனுக்குக் குதிகாலில் இருந்தது.

பொறாமைக்கு எண்ணெய் ஊற்றியது எங்கள் மாமியார். நைனார்பாளையத்தில் ஒரு விசேஷத்துக்கு இரண்டு மருமகன்களும் தனித்தனி வண்டியில் போயிருந்தோம். பந்தியில் நாலு பேர் கேட்க அந்தம்மா சொன்னார்: "சின்ன மாப்ள வண்டில ஒக்காந்தா டம்ளர்ல மோரு அலையாது. பெரிய மாப்ள வண்டில ஒக்காந்தா குடிச்ச மோரே மேல வந்துரும்." பந்தியே சிரித்தது. சகலைதான் சிரிக்கவில்லை. "ரோடு அப்பிடிங்க அத்த" என்று எனக்காகப் பேசினார். சிரித்திருந்தால் இத்தனை வருடம் வலித்திருக்காது.

அப்புறம் அவர் ஒரு பழைய சின்ன கார் வாங்கினார். அதை நானும் அவருமாகப் பிரித்துக் கூட்டினோம். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற ரேஸ் தடத்தில், நம்மைப் போன்றவர்களும் கட்டணம் கட்டிச் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க ஒரு நாள் விடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு கார், இரண்டு பேர், மாற்றி மாற்றி ஓட்டலாம் என்று நான்தான் கிளப்பினேன். உள்ளுக்குள் ஒரு கணக்கு. மலையில் அவர் ராஜா, சரி. தடத்தில் யாருக்கும் பழக்கம் இல்லை. அங்கே படித்தவன் ஜெயிப்பான்.

ஒரு மாதம் ஏற்பாடு செய்தேன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றினேன். பிரேக் பேடு பாதி தேய்ந்துதான் இருந்தது. ரோட்டுக்குப் போதும், தடத்துக்குப் போதாது என்று அதையும் மாற்றினேன். வீல் நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முறுக்கினேன். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டேன். டயர் காற்றைக் குளிர்ந்திருக்கும்போது அளந்தேன். ஓடினால் சூட்டில் தானாக ஏறும், வந்ததும் அளந்து ஏறினதை இறக்க வேண்டும். சீட்டைக்கூட விடவில்லை. முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் விழுகிற தூரத்துக்கு அதை இழுத்து வைத்தேன். சகலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொண்ணு பாக்கப் போற மாதிரி ஜோடிக்கிறீங்களே சகல" என்றார்.

விடிவதற்கு முன்னால் கிளம்பி உளுந்தூர்பேட்டையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தோம். அங்கே வண்டியைச் சோதித்தார்கள். உள்ளே ஒரு பொருள் தளர்வாகக் கிடக்கக் கூடாது. கால் மிதியடி, தண்ணீர் பாட்டில், சாமி பொம்மை, எல்லாம் வெளியே. கல்லையும் எடுத்து வைத்தோம். அதற்கு வெளியிலேயே வேலை இருந்தது. தடத்தில் ஓடி வந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. கொதிக்கிற பிரேக்கை இறுக்கிப் பிடித்து நிறுத்தினால் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க்காக இருந்தால் கோணிக்கொள்ளும். கியரில் விட்டு சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் மஞ்சள் ரப்பர் கட்டை வைத்திருந்தார்கள். எங்களிடம் குங்குமம் வைத்த கல். பளபளப்பான வண்டிக்காரர்கள் வந்து வந்து அதைப் படம் எடுத்தார்கள்.

முதலில் நான் ஓட்டினேன். முதல் சுற்று மெதுவாகச் சூடேற்றி, கடைசிச் சுற்று மெதுவாக ஆற்றி, எல்லாம் படித்தபடியே செய்தேன். இறங்கும்போது மனசு நிறைந்திருந்தது. அடுத்து சகலை. எந்த வளைவில் எந்தப் பக்கமாக நுழைந்து எப்படி வெளியே வர வேண்டும் என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த கோட்டில், யாரும் சொல்லாமலே, தண்ணீர் வாய்க்காலில் போகிற மாதிரி அந்தப் பழைய கார் போனது. ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்தார், மலைப் பழக்கம். முதலில் சிரித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தடுப்புச் சுவர் ஓரமாக வந்து நின்று பார்த்தார்கள். என்னைவிட எவ்வளவு வேகம் என்று சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை.

எப்படி என்று யாரோ கேட்டதற்கு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வளைவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே பயந்து முடிச்சிரணுங்க. உள்ள போயிப் பயந்தா வண்டியும் பயந்துக்கும்." நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட்டு அப்புறம் திருப்பு என்பதை நான் பத்து இடத்தில் படித்திருக்கிறேன். இவ்வளவு அழகாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கேட்டவர்கள் கைதட்டினார்கள். என்னை யாரோ, "நீங்க அவரோட மெக்கானிக்கா?" என்று கேட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு ஒரு ஓட்டம், கடைசியாக எனக்கு ஒரு ஓட்டம். அவர் ஏறி பெல்ட்டைப் பூட்டினார். நான் குனிந்து சக்கரத்திலிருந்து கல்லை எடுத்தேன். மலையில் அவர் ஜீப்பில் கூடப் போகும்போது ஆயிரம் தடவை செய்ததுதான். கல்லை எடுத்ததும் பின் கதவைத் திறந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில் போட்டுவிட்டு, கதவைச் சாத்தி, "போலாம்" என்று கூரையில் இரண்டு தட்டு. கை அதன் பாட்டில் செய்து முடித்துவிட்டது. கதவு சாத்தின சத்தத்திலேயே எனக்கு உறைத்தது.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவர் கேட்டார். "சகல, எல்லாம் எடுத்தாச்சாங்க?"

"ஆச்சு, போங்க" என்றேன்.

ஒரு நொடிதான். அந்த நொடிக்குள் என்ன நினைத்தேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். இத்தனை பேர் பார்க்க, படித்தவன் நான், கதவைத் திறந்து கல்லை எடுப்பதா என்ற வெட்கம் ஒரு பக்கம். இன்னொன்றும் இருந்தது. பின்னால் கடகடவென்று உருளட்டுமே, கொஞ்சம் கவனம் சிதறட்டுமே, இந்தத் தடவையாவது மெதுவாகப் போகட்டுமே என்று. கல் சீட்டுக்கு அடியில் சறுக்கி முன்னால் வரும், பிரேக் பெடலுக்குக் கீழே போகும் என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நம்புகிறேன்.

மூன்றாவது வளைவில் கார் திரும்பவில்லை. நேராகப் போய்ச் செம்மண்ணில் இறங்கி, புழுதிக்குள் மறைந்தது. நான் ஓடினேன். என் மனைவியின் தங்கை முகம்தான் கண்ணில் நின்றது. புழுதி அடங்கியபோது கார், சுவரோரம் அடுக்கியிருந்த டயர்களுக்கு இரண்டு ஆள் தூரம் முன்னால் நின்றிருந்தது. பெடல் பாதிக்கு மேல் அமுங்கவில்லை என்று தெரிந்ததும் நாலு, மூணு, ரெண்டு என்று கியரைக் குறைத்து, மலை இறக்குகிற மாதிரியே இஞ்சினில் பிடித்து இறக்கியிருக்கிறார். இறங்கி வந்தவர் கையில் கல் இருந்தது.

அங்கிருந்த மேற்பார்வையாளர் கத்தினார். யார் வைத்தது என்று கேட்டார். சகலை என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நான்தான் சார். மலைப் பழக்கம், மறந்துட்டேன்." எங்கள் வண்டி அன்றைக்கு இனிமேல் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சகலை என்னிடம் வந்து, "உங்க ரவுண்டு போயிடுச்சே சகல. மன்னிச்சிக்கங்க" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். மன்னித்தேன்! அவர் காரின் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். அந்த நேரத்தில் அவர் கீழே வைத்துவிட்டுப் போன கல்லை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தக் கல் இனி அவர் வண்டியில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் நான் அதைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். "அந்தக் கல்லு எங்கியோ வுட்டுட்டேன், அது மாதிரி ஒண்ணு ஆம்படவே இல்ல" என்று அப்புறம் சகலை இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் நான் பேச்சை மாற்றினேன். அவர் பழியையும் சேர்த்துச் சுமந்தது எனக்கு நன்றியாக வரவில்லை. அதிலும் அவர்தான் முந்திக்கொண்டார் என்று வயிறு எரிந்தது.

போன மாதம் வெள்ளிமலையில் ஒரு பழைய ஜீப் விலைக்கு வந்திருக்கிறது என்று இரண்டு பேரும் என் காரில் போனோம். ஜீப் சரியில்லை, திரும்பினோம். நான்தான் ஓட்டினேன். பேச்சு சுவாரசியத்தில் மேல் கியரிலேயே விட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கிக்கொண்டிருந்தேன். ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்று கடைக்கு வருகிற எல்லோருக்கும் நான் சொல்லுகிற பாடம். சகலை பேச்சை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். "சகல, பிரேக்கு தீயற வாசன வருது. ஓரங்கட்டுங்க. ஹேண்ட் பிரேக்க மட்டும் தொடாதீங்க."

நிறுத்தினேன். இஞ்சினை அணைத்து, ரிவர்ஸ் கியரில் போட்டு, பிரேக் பெடலை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். "மலைக்கு வர்றவுரு கல்லு இல்லாமயா வருவீங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் பின்னால் போய்விட்டார். பெடலிலிருந்து காலை எடுக்க முடியாது. தடுக்கவும் முடியாது. கண்ணாடியில் டிக்கிக் கதவு எழுந்து ரோட்டை மறைத்தது. ரொம்ப நேரம் அது இறங்கவே இல்லை.

ஒரு கையில் கல்லும் மறு கையில் பனியன் துணியுமாக என் ஜன்னலுக்கு வந்தார். "இது உங்க கிட்டயா இருந்துச்சு?"

"அன்னிக்கு உள்ள போட்டது நான்தான் சகல."

"அது தெரியும். நான் பெல்ட்டு போட்டுக்கினு ஒக்காந்திருந்தேன், வேற யாரு போட்டுருப்பாங்க? பழக்கத்துல போட்டுட்டீங்க. அதுக்கின்னா இப்ப?"

"பழக்கத்துலதான் போட்டேன். ஆனா நீங்க கேக்கும்போது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஆச்சுன்னு சொன்னேன்."

இது அவருக்குத் தெரியாது. முகத்தில் தெரிந்தது. கீழேயிருந்து ஒரு பஸ் உறுமிக்கொண்டு ஏறி எங்களைத் தாண்டிப் போகிற வரைக்கும் அப்படியே நின்றார். கேட்க வேண்டியதைக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் முன்னால் போய்க் குனிந்து, சக்கரத்துக்கு முன்னே கல்லை வைத்துக் குதிகாலால் இரண்டு உதை உதைத்தார். எழுந்து பானெட்டுக்கு நேர் முன்னால், இறக்கத்தில், நின்றுகொண்டார்.

"கால எடுங்க."

"தள்ளி நில்லுங்க சகல."

"எடுங்கன்றேன்."

அவர் கண் கல்லில் இல்லை, என் மேல் இருந்தது. காலை எடுத்தேன். கார் நாலு விரல் அளவு முன்னால் நகர்ந்து, கல்லில் முட்டி, நின்றது. அவர் இம்மியும் அசையவில்லை.

வாசனை போகிற வரைக்கும் காத்திருந்தோம். பிறகு அவர் என் கதவைத் திறந்தார். "நீங்க அந்தப் பக்கம் போங்க. நான் எறக்கறேன்." அவர் உட்கார்ந்து பெடலைப் பிடித்த பிறகு நான் கல்லை எடுத்தேன். கை பழக்கமாகப் பின் கதவுக்குப் போனது.

"அங்க வாணாம்," என்றார். "இந்தவாட்டி மடியில வெச்சிக்கங்க."

வைத்துக்கொண்டேன். கல் வெயிலில் சூடாக இருந்தது. இரண்டாவது கியரில், பிரேக்கைத் தொட்டும் தொடாமலும், ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்து இறக்கினார். முன்னால் பாதித் தண்ணீரோடு ஒரு பாட்டில் நின்றிருந்தது. அடிவாரம் வருகிற வரைக்கும் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அந்தத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது கல்லை நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "உங்க வண்டிலயே இருக்கட்டும். மலைக்கு வரும்போது எடுத்துக்கினு வாங்க" என்றார். இப்போதும் டிக்கியில்தான் இருக்கிறது, துணி இல்லாமல். வருகிற ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் அன்றைக்கு ஒரு வளைவிலாவது அலையாதா என்று நான் பார்த்துக்கொண்டே வந்ததையும் சொல்லிவிடுகிறேன். அலையவில்லை.