மூன்றாம் ஓலை

கிருபாபாயை எனக்கு நன்றாகவே தெரியும். ராஜபாளையத்தில் ஒரே பேண்டேஜ் கம்பெனியில் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் துணி வெட்டினோம். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகன் பொன்னுராஜைப் படிக்கவைத்து, மில்லில் சூப்பர்வைசராக்கியவள். சபையில் பெண்கள் சங்கத் தலைவி. வேத வசனத்தை அதிகாரம், எண்ணோடு சொல்லுவாள். எதிர்த்துப் பேசினால் தொலைந்தோம்.

1987இல் எங்கள் கம்பெனிப் பெண் ஜெயபாய் கல்யாணமாகாமலே முழுகாமல் இருப்பது வெளியே தெரிந்தது. ஆள் யார் என்று எத்தனை பேர் கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. சபைக் கமிட்டி அவளுக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கொடுப்பதை நிறுத்தி, கடைசி பெஞ்சில் உட்காரவைத்தது. அதற்கு முதல் ஆளாகக் கை தூக்கியவள் கிருபாபாய்தான். "பாவம்னா பாவந்தான்ட்டி. நம்ம சரீரம் ஆண்டவரோட ஆலயம்லா?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண் தனியாகவா பிள்ளை உண்டாவாள்?

அதே மாதம் பொன்னுராஜுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் நிச்சயமாயிற்று. எங்கள் வேதக்கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிப்பார்கள். தடை சொல்ல வேண்டியவர்கள் எழுந்து சொல்லலாம். யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

இரண்டாம் ஓலைக்கு மறுநாள் ஜெயபாய் வெட்டிய துணியெல்லாம் கோணல். கிருபாபாய் அதட்டப் போனாள். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே பொன்னுராஜ் பேரைச் சொல்லிவிட்டது.

கிருபாபாய் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பக்கத்தில் இழுத்து, "அவனைக் கட்டிக்கிட உனக்குச் சம்மதமாட்டி?" என்று கேட்டாள்.

"அவிய ஊரறிய ஒத்துக்கிட்டாத்தான்" என்றாள் ஜெயபாய்.

நான் கிருபாபாயைத் தனியே இழுத்துப்போய், "ஏட்டி, வீட்டுக்குள்ளயே பேசி முடி. சபையில உன் மானம் போயிரும்" என்றேன்.

"அந்தப் பிள்ள மானம் எங்க வச்சு போச்சு? சபையிலதான?" என்றாள். நானாயிருந்தால் மூச்சு விட்டிருக்க மாட்டேன், உள்ளதைச் சொல்கிறேன்.

மூன்றாம் ஞாயிறு. ஓலையை வாசித்துவிட்டுப் போதகர் காகிதத்தை மடிக்கப் போனார். கிருபாபாய் எழுந்தாள்.

"தடை இருக்கு ஐயா."

"நீங்க மாப்பிள்ளையோட அம்மால்லா?"

"அதனாலதான் சொல்லுதேன். யாத்திராகமம் இருபத்திரண்டு, பதினாறு. கன்னிப் பிள்ளையக் கெடுத்தவன் பரிசம் கொடுத்து அவளையே கட்டணும்னு இருக்கு. நகை வாங்கிக்கிட்டு வேற எடத்துல கட்டலாம்னு எங்கயும் இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நானே போயி அவிய கால்ல விழுதேன். கடைசி பெஞ்சில என் மகனுக்கும் எடம் போடுங்க."

ஐயோ, கோயிலுக்குள் அன்றைக்கு எழுந்த இரைச்சல்! போதகர் மேஜையைத் தட்டி அடக்கிவிட்டு, "பொன்னுராஜ், இது உண்மையா?" என்று கேட்டார்.

அவன் தாயைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான். பெற்ற வயிறு அல்லவா, ஒரு எட்டு அவன் பக்கமாக எடுத்துவைத்துவிட்டாள். ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"என்னைய எதுக்குலே பாக்க? அவளப் பாத்துச் சொல்லு."

பொன்னுராஜ் திரும்பினான். ஜெயபாயும் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஆமாய்யா, நான்தான்" என்றான்.