பிரின்சுக்குப் பெண் பார்க்கிறார் அண்ணாச்சி

வால் தொடங்கும் இடத்தில் இரண்டு விரலை வைத்து மெல்லத் தடவுகிறார் ராசையா அண்ணாச்சி. பூனை பின்பக்கத்தை உயர்த்தி, வாலை ஒரு பக்கம் ஒதுக்கி, பின்னங்கால்களால் மாவு பிசைந்தால் சரி. சும்மா உட்கார்ந்துவிட்டால் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போகலாம். திரும்பி ஓர் அறை விட்டால், "இதுக்கு இன்னும் மனசு வரல, கூட்டிட்டுப் போம்மா" என்று விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்தவருக்கு உளுந்து நிறுக்கப் போய்விடுவார்.

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையில் அண்ணாச்சியின் அரிசிக்கடை. சாத்தான்குளம் பக்கத்துக்காரர். வடசென்னைக்கு வந்து தலை நரைத்துவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் ஊரிலிருந்து கிளம்பவில்லை. கடையில் அவரைவிடப் பெரிய மனிதர் ஒருவர் உண்டு. மூட்டைகளின் உச்சியில் படுத்திருக்கும் பிரின்ஸ். வெள்ளைப் பாரசீகக் கடுவன் பூனை, சப்பை மூக்கு, மனு வாங்க மறுக்கும் அதிகாரியின் முகம்.

மனிதர்களில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் போய் பஜ்ஜி தின்பார்கள். பூனைகளில் பெண்தான் கூடையில் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்கு வரவேண்டும். இடம் மாறினால் கடுவனுக்குக் கூச்சம் வந்துவிடும். "ஆம்பளைக்கு அவன் வீட்டுலதான் தைரியம், பாத்துக்கிடுங்க" என்பார் அண்ணாச்சி. அவருக்கு வீட்டிலும் அது கிடையாது என்பது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மனைவி ஞானபாக்கியத்துக்குத் தெரியும்.

பிரின்சுக்கு ஒரு கெட்ட பழக்கம். இது என் எல்லை என்று ஊருக்கு அறிவிக்க, புழுங்கலா பச்சரிசியா என்று பார்க்காமல் மூட்டையின் மேல் வாலைத் தூக்கிப் பீய்ச்சிவிடும். வாங்க வந்தவர் மூக்கைச் சுளித்தால் அண்ணாச்சி கூசாமல் மேற்கே, ரசாயன ஆலைகள் இருக்கும் பக்கம் கையைக் காட்டுவார். "மணலிக் காத்து. இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா அடிக்கி." மணலியிலிருந்து வந்தவர்களே இதை நம்பித் தலையாட்டியிருக்கிறார்கள். ஞானபாக்கியம் நம்பவில்லை.

"மூட்டை மூட்டையா நாறடிக்கான். குட்டியாவது கொடுக்கானான்னு பாத்தா அதுவும் இல்ல. அடுத்ததும் இப்படியே போச்சுன்னா மாதவரத்து மாட்டு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயி வெட்டிவிட்டுருவேன், சொல்லிட்டேன்."

எதை என்று அவள் சொல்லவில்லை. அண்ணாச்சி கால்களை ஒடுக்கிக்கொண்டார்.

உண்மையில் பிரின்சின் மேல் குற்றமில்லை. முதலில் வந்தது டேங்கர் லாரி ஓட்டும் குணசேகரனின் பூனை. "ஹீட்டு வந்ததும் கொண்டாங்க" என்று போனில் சொல்லியிருந்தார் அண்ணாச்சி. அண்ணாச்சிக்கு ஹீட்டு என்றால் பெண் பூனை கடுவனைத் தேடிக் கத்தும் பருவம். குணசேகரன் வீட்டில் ஹீட்டு என்றால் உடம்புச் சூடு. பூனை கத்தத் தொடங்கியதும் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்து, மோர் ஊற்றி, இளநீர் காட்டி, கத்தல் முழுக்க அடங்கிய பிறகு கொண்டுவந்தார். "ஹீட்ட சுத்தமா எறக்கி இட்டாந்துகீறேன் அண்ணாச்சி. இப்ப ஐஸ் மாரி கீது." அந்த ஐஸ் பிரின்சின் சப்பை மூக்கில் விட்ட அறையின் தழும்பு இன்னும் இருக்கிறது. அடுத்து, ராயபுரம் ரேச்சலின் பூனை. அது இங்கே வந்துபோன மாதமே குட்டி போட்டது. அத்தனையும் வரிவரியாக, மீன் மார்க்கெட் திருட்டுப் பூனையின் ஜாடை. தெரு இதையெல்லாம் ஆராயவில்லை. பிரின்சுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டது.

இந்த நேரத்தில்தான் தண்டையார்பேட்டை மலிகா, பாதாம் நிறப் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். அதன் பெயரும் பாதாம்தான். கூடைக்குள்ளிருந்து வந்த ஓலத்தில் ஒரு கன்டெய்னர் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு நாளா இதே ரோதன அண்ணாச்சி. பக்கத்து வூட்ல, இன்னாமா, கொயந்தயப் போட்டு அடிக்கிறியான்னு கேக்கறாங்கோ. இன்னிக்கே சேத்து வுட்ருங்கோ, மானம் போவுது."

அண்ணாச்சி விரலை வைத்தார். பாதாம் தரையில் மார்பைப் பதித்து, பின்பக்கத்தை மேல்நோக்கி நிறுத்தி, வாலை ஒதுக்கிப் பிசைந்த பிசையலில் அவருக்கே வெட்கமாகிவிட்டது. உச்சி மூட்டையிலிருந்து பிரின்ஸ் ஒவ்வொரு மூட்டையாக இறங்க ஆரம்பித்தது.

"வயசு என்னம்மா, ஒண்ணு ஆயிட்டா?"

"ஆவப் போவுது."

"எப்போ?"

"ஆவும் அண்ணாச்சி. ஆவாமயா பூடும்."

"கத்துனா வயசுக்கு வந்துட்டுன்னுதாம்மா அர்த்தம். தாயாகுததுக்கு ஒடம்பு வேணும்லா. எலும்பு முத்தாம குட்டி நின்னுச்சுன்னா, வெளிய வர முடியாம ரெண்டு உசுரும் போயிரும். மூணு கிலோ இல்லாம நான் சேக்குதது இல்ல."

"அப்போ தூக்கித் தட்டுல வைங்க" என்றாள் ஞானபாக்கியம், கல்லாவிலிருந்து. "மூணு காட்டுச்சுன்னா சேத்துவிடுங்க. காட்டலன்னா நாளைக்குக் காலையில மாதவரம். நானே கூடை எடுத்து வச்சிருக்கேன்."

இங்கே அண்ணாச்சியின் வலது சுண்டுவிரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எதை நிறுத்தாலும் அது தட்டின் ஓரத்தில் தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். கிலோ துவரம்பருப்பில் ஒரு கைப்பிடி அந்த விரலுடையது என்பது தெரு முழுக்கத் தெரிந்த கணக்கு. படிக்கல் போய், இருபுறமும் சிவப்பு எண் காட்டும் மின்தராசு வந்த பிறகும் விரல் ஓய்வு பெறவில்லை.

பாதாம் தட்டில் ஏறியது. இரண்டு எண்ணூறு.

பிரின்ஸ் கடைசி மூட்டைக்கு வந்து நின்று அண்ணாச்சியைப் பார்த்தது. அதன் முகத்தில் முதல்முறையாக ஒரு மனு இருந்தது.

சுண்டுவிரல் யாரையும் கேட்காமல் புறப்பட்டுத் தட்டின் விளிம்பில் போய்ப் படுத்தது. இரண்டு எண்ணூற்று ஐம்பது. இரண்டு தொள்ளாயிரம். மலிகா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பாதாம் கத்துவதை நிறுத்தி, பக்கத்தில் கிடந்த அந்த விரலில் பால் குடிக்கும் குட்டியைப் போலக் கன்னத்தை வைத்துத் தேய்த்தது.

அண்ணாச்சி விரலை எடுத்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தராசை விட்டு ஓரடி தள்ளி நின்றார். சிவப்பு எண்கள் இறங்கி, மறுபடி இரண்டு எண்ணூறில் நின்றன. கல்லாவைப் பார்த்த பக்கத்திலும்.