சுண்ணாம்புச் சுவரில் வெண்டிக்காய்ப் பூ

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு அலுமாரியைத் தள்ளினேன், பிள்ளைகளே.

சின்ன அலுமாரி அல்ல. தேக்கு மரம், மூன்று கதவு. உள்ளே அண்ணியின் குத்துவிளக்குகளும் பித்தளைத் தட்டங்களும். ஒரு பக்கம் நான்; மறுபக்கம் என் மனைவி சுகி. இடையில் இரண்டு பேரும் நின்று மூச்சு வாங்கினோம்.

வெண்டிக்காயால் படம் போடுவது எப்படி என்று எழுதுகிற ஆளுக்கு அலுமாரியோடு என்ன வேலை? கேட்பீர்கள். அந்த அலுமாரி அந்த இடத்துக்கு வந்ததே, பத்திரிகையில் நான் உங்களுக்கு எழுதுகிற இந்தப் பத்தியால்தான்...

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கோப்பாயில் நாங்கள் இருக்கும் வீடு எங்களுடையது அல்ல. கனடாவில் இருக்கும் என் அண்ணையுடையது. கட்டின வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது, பின்னேரத்தில் ஒரு விளக்காவது எரியவேண்டும் என்று எங்களை இருத்தியிருக்கிறார். வாடகை இல்லை. அதற்குப் பதிலாக ஞாயிறு தோறும் வீடியோ கோல். நான் போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடப்பேன். அண்ணை அங்கிருந்து சுவர் பார்ப்பார்.

"நாங்கள் நல்லா இருக்கிறம் அண்ணை" என்பேன்.

"சரி, அந்த மூலையைக் காட்டு" என்பார்.

சட்டங்களும் உண்டு. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. நிலத்தில் உரல் வைத்து இடிக்கக்கூடாது. எங்களுக்கு முதல் இருந்த குடும்பம் மிளகாய்த்தூள் இடித்ததில் தரையில் ஒரு மாபிள் கல் வெடித்துவிட்டது. கொஞ்ச நாளில் அவர்கள் அளவெட்டிக்கு வீடு மாறினார்கள். ஏன் மாறினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

நான் ஓட்டோ ஓடுகிறவன். இன்னொரு வீடு பார்ப்பது என்றால்... விடுங்கள், அது பெரிய ஆட்களின் கவலை.

இந்த வருடம் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருவதாக அண்ணை சொன்னார். அதற்கு முன்னம் வீட்டு ஹோலுக்கு வெள்ளை அடிக்கவும் சொன்னார். பெயின்ற் வேண்டாம். அண்ணிக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும்; பெயின்ற் மணம் ஒத்துவராது. நல்ல பழைய சுண்ணாம்பு. நானே அடித்தேன். ஹோல் பால் மாதிரி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணை மற்ற மூலைகளைக் கேட்கவில்லை. அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு கழிந்த அதே கிழமைக்குள்தான் இந்தப் பத்தியில் வெண்டிக்காய்ப் பூ எழுதினேன். ஞாபகம் இருக்கிறதா? முற்றின வெண்டிக்காயைக் குறுக்காக அம்மாவிடம் வெட்டி வாங்குங்கள். வெட்டின பக்கம் ஐந்து இதழ்ப் பூ மாதிரி இருக்கும். மஞ்சள்தூளில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். தோய்த்து, மெல்ல அழுத்தி, நேரே மேலே எடுங்கள். பூ! கடையில் ஒன்றும் வாங்கவேண்டாம். எல்லாம் சரியாகத்தான் எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "பூ வைப்பதற்கு வெள்ளையான, சுத்தமான, பெரிய இடமாகப் பார்த்து எடுங்கள்."

கடதாசி என்று எழுத மறந்துவிட்டேன்.

வட்டுக்கோட்டையில் இருந்து ஒரு தாய் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் எடுத்திருக்கிறார். அவர்கள் வீட்டில் வெள்ளையாகவும் சுத்தமாகவும் பெரிதாகவும் இருந்தது பிறிட்ஜ்.

எங்கள் மகள் ஆரணி முன்பள்ளிக்குப் போகிறாள். வாசிக்கத் தெரியாது. நான் எழுதுவதைச் சுகிதான் வாசித்துக் காட்டுவாள். அன்றைக்கும் வாசித்துக் காட்டி, வெண்டிக்காயை வெட்டிக் கொடுத்து, ஒரு கோப்பையில் மஞ்சளும் குழைத்துக் கொடுத்துவிட்டுத் தேங்காய் திருவக் குசினிக்குள் போயிருக்கிறாள். ஆரணி எழும்பி வீட்டைச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். வெள்ளையான, சுத்தமான, பெரிய இடம்.

எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம்தான் இருந்தது.

நான் ஓட்டோவில் ஒரு ஹயர் முடித்துக்கொண்டு வந்து படியேறும்போது அவள் வாசலுக்கே ஓடிவந்தாள்.

"அப்பா, நான் மஞ்சள்தான் வைச்சனான். அது சிவப்பாப் போட்டுது."

உள்ளே போனேன். யன்னலோரம் தொடங்கி, சுவரின் பாதி நீளத்துக்கு, அவள் கை எட்டும் உயரத்தில் பூ. பூவுக்குப் பக்கத்தில் பூ. எல்லாம் நல்ல சிவப்பு.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். ஆலாத்தித் தட்டிலே காலங்காலமாக நாங்கள் செய்கிற வேலைதானே? ஆனால் தட்டில் இருந்தால் தெரிகிறது. சுவரில் இருந்தால் மூளை வேலை செய்யவில்லை. நான் போய்ச் சவர்க்காரமும் துணியும் எடுத்துவந்து தேய்த்தேன். சவர்க்காரமும் மஞ்சளைச் சிவக்கவைக்கும் என்பதை அன்றைக்குத்தான் படித்தேன். தேய்த்த பூ பெரிதாகி, முன்னையைவிடச் சிவந்தது.

ஆரணி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"நீங்களும் படம் கீறுறீங்களோ அப்பா?"

ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. சுகியும் நானும் அலுமாரியைத் தள்ளிக்கொண்டுவந்து பூக்களுக்கு முன்னால் நிறுத்தினோம். யன்னலோரப் பூக்கள் மட்டும் வெளியே நின்றன. அந்தப் பக்கம் போனைத் திருப்பாமல் விட்டால் சரி.

அண்ணையின் கண்ணுக்கு முதலில் பட்டதே அலுமாரிதான்.

"தம்பி, அது ஏன் அதிலை நிக்குது?"

"அங்காலை ஈரம் அண்ணை. கறையான் வந்திடும்."

"கறையானோ? என்ரை வீட்டிலையோ?"

"வரேல்லை அண்ணை. வந்திடக்கூடாது எண்டு."

அந்த நேரம் பார்த்து ஆரணி போனுக்குள் எட்டிப் பார்த்தாள். "பெரியப்பா, அலுமாரிக்குப் பின்னாலை—"

சுகி அவளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

"பிள்ளை என்ன சொல்லுது?"

"பசிக்குதாம் அண்ணை."

கோலை வைத்தபிறகு ஆரணி வந்து என் முன்னால் நின்றாள். "ஏன் அப்பா ஒளிக்கிறீங்கள்? வடிவில்லையோ?"

"வடிவுதான் அம்மா."

"அப்ப ஏன்?"

"பெரியப்பா ஏசுவார்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு ஐஸ்கிறீமோடு முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் படம் போடவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. அடுத்த பத்திக்கு வாழைமட்டை வெட்டிக்கொண்டு வந்தேன். குறுக்காக வெட்டினால் உள்ளே சின்னச் சின்ன அறைகள் தெரியும். தோய்த்து வைத்தால் தேன்கூடு மாதிரி வரும். நான் எழுதுகிற எதையும் முதலில் செய்து பார்க்கிறவள் அவள்தான். மட்டையை நீட்டினேன். பக்கத்தில் கடதாசியும் வைத்தேன்.

மட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இதை எங்கை ஒளிப்பீங்கள்?"

மட்டையைக் கீழே வைத்தேன்.

ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் படம் போடுங்கள், பயப்படாமல் போடுங்கள் என்று கிழமைக்குக் கிழமை எழுதுகிறேன். என் வீட்டுப் பிள்ளை பயந்துபோய் இருக்கிறது. பயப்படுத்தியது யார்? அண்ணையா? அவருக்கு ஒன்றுமே தெரியாதே. அவர் ஏசவும் இல்லை. ஏசுவார் என்று நான்தான் சொன்னேன்.

வாழைமட்டைப் பத்தியை நான் அனுப்பவில்லை. அந்தக் கிழமை கைகழுவுவது பற்றி எழுதியிருந்தேனே, அது அதனால்தான்.

மூன்று நாலு கிழமை இப்படிப் போனது. போன ஞாயிறு காலை சுகியிடம் சொன்னேன். "இண்டைக்கு அண்ணைக்குக் காட்டப்போறன்."

"இஞ்சருங்கோ, வீட்டை விட்டு எழும்பச் சொன்னா எங்கை போறது?"

"தெரியாது."

"தெரியாமல் என்ன கதை கதைக்கிறியள்?"

நான் போய் அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சரி, எந்தப் பக்கம் தள்ளுறது?"

தள்ளினோம். தள்ளிவிட்டு யன்னலோரம் பார்த்தால்... அங்கே பூவே இல்லை. நான் இத்தனை நாள் போனைத் திருப்பாமல் ஒளித்துத் திரிந்த பூக்கள். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளிறி, யன்னல் வெயில் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. உற்றுப் பார்த்தால் ஒரு நிழல். அவ்வளவுதான்.

அலுமாரிக்குப் பின்னால் இருந்தவை? ஒன்றும் ஆகவில்லை. நேற்று வைத்த மாதிரிச் சிவந்துபோய் நின்றன.

விளங்குகிறதா? ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் வெயிலே சுவரை வெள்ளையாக்கித் தந்திருக்கும். பாடுபட்டு ஒளித்ததைத்தான் பாடுபட்டுப் பத்திரப்படுத்தியும் வைத்திருக்கிறேன். பெரிய ஆட்கள் ஒளிக்கிற எல்லாமே இப்படித்தானோ என்னவோ.

போன் அடித்தது. நேரே சுவரைக் காட்டினேன்.

அண்ணையின் முகம் அசையவில்லை. லைன் நின்றுவிட்டதா, அண்ணை நின்றுவிட்டாரா என்று தெரியவில்லை. போனை ஒருதரம் தட்டிப் பார்த்தேன்.

"தட்டாதை. பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"ஆரணி வைச்சது அண்ணை. அவளிலை பிழையில்லை. நான்தான் பத்தியிலை வெள்ளைச் சுத்தமான இடம் எண்டு எழுதிப்போட்டன். கடதாசி எண்டு எழுத மறந்திட்டன்."

"அப்ப கறையான்?"

"கறையான் இல்லை அண்ணை."

"ம்."

அந்த 'ம்' கொஞ்சம் நீளமாக இருந்தது.

"பிள்ளையைக் கூப்பிடு."

ஆரணி சுகியின் சேலைக்குப் பின்னால் நின்றாள். வரமாட்டேன் என்று தலையாட்டினாள். நான் போனை அவள் உயரத்துக்குப் பிடித்தேன்.

"பிள்ளை, சுவரெல்லாம் ஏன் சிவப்பாக் கிடக்குது?"

"நான் மஞ்சள்தான் வைச்சனான் பெரியப்பா" என்றாள், சேலைக்குள் இருந்தபடியே. "சிவப்பாக்கினது உங்கடை சுவர்."

அண்ணையின் தோள் கொஞ்சம் ஆடியது. சிரித்தாரா, இருமினாரா தெரியாது. சத்தம் வரவில்லை.

"ஓம், சுவரிலைதான் பிழை" என்றார். பிறகு என்னைக் கேட்டார். "யன்னல் பக்கம் ஏன் வெறுமையாக் கிடக்குது? அங்கை வைக்கேல்லையோ?"

"வைச்சவள் அண்ணை. வெயிலுக்கு அழிஞ்சுபோச்சுது."

"மிச்சமும் அழிஞ்சிடுமோ?"

"வெயில் பட்டா அழியும்."

அண்ணை போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"அப்ப அலுமாரியைத் திரும்ப அதிலையே தள்ளு. நான் வந்து நேரிலை பாக்கவேணும். அதுக்குப் பிறகு வெள்ளை அடி. கதைக்காமல் தள்ளு."

தள்ளினோம். அதே அலுமாரி, அதே இடம். சுகி மட்டும், "முதலே கேட்டிருந்தா ஒருக்காத் தள்ளினதோடை போயிருக்கும்" என்றாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சரிந்து கிடந்தேன். ஆரணி குசினிப் பக்கமிருந்து வந்தாள். கையில் சுகி வெட்டிக் கொடுத்த புது வாழைமட்டைத் துண்டு. முழங்கைவரை மஞ்சள்.

"அப்பா, இதை எங்கை வைக்கிறது?"

முதுகுநோவோடு எழும்பிப் போய், வீட்டில் இருந்த கடதாசி எல்லாவற்றையும் கொண்டுவந்து அவள் முன்னால் பரப்பினேன்.

ஆகையால் பிள்ளைகளே, ஒரு திருத்தம். வெள்ளையான, சுத்தமான, பெரிய இடம் என்று நான் எழுதியது கடதாசியை. வட்டுக்கோட்டை அம்மாவுக்கும் சொல்லிக்கொள்கிறேன்: பிறிட்ஜை யன்னலோரம் தள்ளிப் பாருங்கள்.