மலேசியாவுக்குப் போன ஒரு பிடி வெங்காயம்

பெரம்பலூரில் நடந்த அந்தக் கூட்டத்தில் நான் கையைத் தூக்கியது சுளுக்கு எடுக்கத்தான் என்று இன்றுவரை வீட்டில் சொல்லி வருகிறேன். பொய். "இங்கே ஏற்றுமதியாளர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று மேடையிலிருந்து கேட்டார்கள். அரங்கத்தில் ஒரு கைகூட எழவில்லை. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. பந்தியில் யாரும் கேட்காத பாயசத்தை, பாவம் வாளி நிறைய இருக்கிறதே என்று இரக்கப்பட்டு வாங்கிக் குடிக்கிறவன் நான். தூக்கிவிட்டேன்.

நான் செட்டிகுளம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும் உண்டு. பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று என்று ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுத்துவிட்டு நமக்கென்று ஒன்றுமில்லையே என்று ஒரு மத்தியானம் ஏக்கம் வந்தது. அன்றைக்குக் கடையில் ஆளில்லை. ஏற்றுமதி செய்வதற்கான குறியீட்டு எண் கேட்டு எனக்கு நானே விண்ணப்பித்தேன். கொடுத்துவிட்டார்கள். யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பார்கள் போலிருக்கிறது. அதை லேமினேட் செய்து சுவரில் மாட்டினேன். அதுவரை என் கடையிலிருந்து வெளியே போன சரக்கு ரேஷன் கார்டு நகல் ஒன்றுதான்.

அந்த எண் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் கூட்டத்துக்கு வரச் சொல்லி போனில் செய்தி வந்தது. நம் மாவட்டத்துச் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பக்கத்து அரியலூரின் சிமெண்டு, ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி எல்லாவற்றையும் வெளிநாடுகளோடு எப்படிக் கோத்துவிடுவது என்று பேசினார்கள். மத்தியானச் சாப்பாடும் உண்டு என்பதை நான் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன்.

தூக்கிய கையைப் பார்த்துவிட்டு, மலேசியாவிலிருந்து வந்திருந்த ஒரு தமிழர் என்னிடம் வந்தார். கைகுலுக்கினார். யாரோ படம் எடுத்தார்கள். ஒரு கார்டு கொடுத்தார். பொடி எழுத்து, என் கண்ணாடியோ கடையில். 'டிரேடிங்' என்று ஒரு சொல் மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் அரியலூரில் ரயில் ஏறி சென்னை போகிறேன், அதற்கு முன் அந்த ஊரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றார்.

"நானே கூட்டிட்டுப் போறேன் சார். வழியில எங்க ஊரு வெங்காயத்தையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடலாம்" என்றேன்.

அரியலூர் கிழக்கே இருக்கிறது. செட்டிகுளம் அதற்கு எதிர்ப்பக்கம். ஆனால் மலேசியாவிலிருந்து வந்தவருக்கு அது தெரியாது என்ற தைரியம் எனக்கு இருந்தது.

நேராக என் மச்சானின் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். மச்சான் என் மனைவியின் அண்ணன். அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு நாலு வார்த்தை வந்தால் அன்றைக்குத் திருவிழா. பிடுங்கிய வெங்காயத்தை இலைத்தாளோடு காயவைத்து, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் படல் கட்டி, மேலே ஓலை வேய்ந்து மாதக்கணக்கில் வைத்திருக்கும் இடத்தைத்தான் எங்கள் பக்கம் பட்டறை என்போம். விலை வரும்போது பிரிப்பார்கள். மச்சானின் ஒரு வருஷத்து உழைப்பு முழுவதும் அதற்குள்தான் கிடந்தது.

வந்தவர் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றினார். படலை விலக்கி முழங்கைவரை கையை விட்டார். நடுவிலிருந்து ஒரு பிடி வெங்காயம் எடுத்தார். மோந்து பார்த்தார். கைக்குட்டையில் கட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் ஊர் வெங்காய வியாபாரத்தில் பத்திரம், கையெழுத்து எதுவும் கிடையாது. வியாபாரி பட்டறைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டால் அந்தப் பட்டறை அவருடையது. அதற்குப் பிறகு வேறு எந்த வியாபாரியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். எடுத்தவர் வந்து சரக்கை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் தன் வாயால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இதை மீறியவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

"முடிஞ்சுது மச்சான்" என்று காதில் சொன்னேன். மச்சான் தலையாட்டினார்.

அரியலூர் போகிற வழியெல்லாம் நான் பிடித்திருந்த வாடகைக் காருக்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள். விருந்தினர் கண்ணாடியை இறக்கிவிட்டு, தூசியையும் பார்க்காமல் அந்த லாரிகளையே எட்டி எட்டிப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை லாரி சார் ஓடும்?" என்று கேட்டார்.

"லாரிக்குப் பஞ்சமே இல்ல சார். நீங்க எவ்வளவு வெங்காயம் கேட்டாலும் ஏத்திடலாம்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வெளிநாட்டுக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சிமெண்டு ஆலையின் புகைபோக்கிகள் தெரிந்ததும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் படம் எடுத்தார். அவரவர் ஊரில் இல்லாததைத்தானே படம் எடுப்பார்கள்! ரயில் வரும்வரை நான் கண்டெய்னரைப் பற்றிப் பேசினேன். கண்டெய்னரை நான் நேரில் பார்த்தது ரோட்டில், அதுவும் அதன் பின்புறத்தை மட்டும்.

மறுநாள் கைகுலுக்கிய படம் எப்படியோ ஊர் முழுக்க எல்லோர் போனுக்கும் வந்துவிட்டது. நானும் கொஞ்சம் உதவினேன். ஊர் எனக்கு 'எக்ஸ்போர்ட்டு' என்று பெயர் வைத்தது. படத்தையும் கார்டையும் லேமினேட் செய்து சான்றிதழுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். வாடிக்கை வியாபாரி மச்சானின் பட்டறைக்கு வந்தபோது, "பிடி போயிடுச்சு. மலேசியா" என்று மச்சான் சொன்னாராம். மூன்றே வார்த்தை. வியாபாரி கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் கண்ணியில் மாட்டிய காடைதான்.

ரயில் ஏறும்போது அவரே என் போனில் பதிந்து கொடுத்த எண்ணுக்கு, மலேசியாக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். விண்ணப்பம் எழுதிப் பழகிய கை. 'மதிப்பிற்குரிய ஐயா, மேற்படி பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான ஆணையை எதிர்நோக்கி' என்று நீட்டி முழக்கி எழுதினேன். நீலக் குறி விழுந்தது. பதிலுக்கு மறுநாள் காலையில் ஒரு ரோஜாப்பூ படம் வந்தது. கீழே காலை வணக்கம். அடுத்த நாள் மஞ்சள் ரோஜா. அதற்கடுத்த நாள் ரோஜாவோடு ஒரு கிளி.

"என்னங்க, உங்க மலேசியாக்காரரு தெனமும் பூவா அனுப்பறாரே, பொண்ணு கேக்கறாரா?" என்றாள் மனைவி.

"பெரிய மனுசங்க அப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

"எங்கண்ணன் வெங்காயம் என்னாவறது?"

"வருவாரு."

புரட்டாசி பாதி தாண்டியது. மச்சான் தினமும் காலையில் கடைக்கு வந்து, வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். எதுவும் கேட்க மாட்டார். சுவரில் இருக்கும் கார்டைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். வானத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனப்பாரத்தை இறக்கியிருப்பேன். பெஞ்சு வாசலை அடைத்துக் கிடந்ததால் நான் வெளியே போய் டீ குடிக்கவும் வழியில்லை. அந்த வாரங்களில் எனக்கு அடிக்கடி ஒன்று தோன்றும்: லேமினேஷன் மெஷினில் நானே படுத்து உள்ளே போய்விட்டேன். இரண்டு பக்கமும் பளபளவென்று பிளாஸ்டிக். வெளியே எல்லாம் தெரிகிறது. மூச்சுதான் விட முடியவில்லை.

வாடிக்கை வியாபாரியிடம் தனியாகப் போய் நின்றேன்.

"அண்ணே, நீங்களே அந்தப் பட்டறைய எடுத்துக்கலாமே?"

"பிடி எடுத்தவரு வேணாம்னாரா?"

"அவரு கொஞ்சம் பிஸி."

"அவரு வாயால சொல்லட்டும் எக்ஸ்போர்ட்டு. இன்னைக்கு நான் அடுத்தவன் கை வெச்ச பட்டறையில கை வெச்சா, நாளைக்கு என் பட்டறையில எவனாவது வெப்பான். ஊரு என்னாவறது?"

அவர் சொல்வது நியாயம். அதனால்தான் எரிச்சலாக இருந்தது. உலகத்தில் எல்லா வியாபாரிகளும் வெளிநாட்டிலிருந்து ஒரு 'சரி'க்காகத் தவம் கிடப்பார்கள். ஒரு 'வேண்டாம்'க்காகத் தவம் கிடந்த ஏற்றுமதியாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு போன் போதும். ஆனால் போன் போட்டால், "ஏன் சார், நீங்கதான் ஏற்றுமதியாளர் ஆச்சே?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நகல்கூட இல்லை.

ஒரு மாலை முதல் மழை பெய்தது. பெரிய மழையில்லை, ஓலையை நனைக்கும் அளவுக்கு ஒரு தூற்றல். அடுத்த நாள் விடிந்ததும் மச்சான் ஆளனுப்பினார். போனேன். வியாபாரியும் அங்கே நின்றிருந்தார். மச்சான் படலை ஓரமாக விலக்கினார். உள்ளே ஈர வாடை. ஓரத்து வெங்காயங்களில் பச்சைப் பச்சையாக ஊசி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"மொளைக்குது மாப்ள" என்றார்.

குரலில் கோபமில்லை. அவர் விரல்கள் ஒரு வெங்காயத்தின் முளையைத் தடவிக்கொண்டிருந்தன. ஒரு வாரம் போனால் உள்ளே இருப்பதும் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல அவசியமில்லை. நானும் இந்த ஊர்க்காரன்தான்.

போனை எடுத்தேன். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடு" என்றார் வியாபாரி. போட்டேன். மணி அடித்தது. எடுத்தார்.

"வணக்கம் சார்! ரோஸு வந்துச்சா?"

"வந்துச்சு சார். இந்த வெங்காயம் விஷயமா…"

"எந்த வெங்காயம் சார்?"

மச்சான் தரையைப் பார்த்தார். வியாபாரி என்னைப் பார்த்தார்.

"அதான் சார், நீங்க பட்டறையில கை விட்டு ஒரு பிடி எடுத்தீங்களே. கண்டெய்னர் பேசினோமே."

"நீங்க பேசினீங்க சார். நான் கன்வேயர் பெல்ட் விக்கிறவன். சிமெண்டு பேக்டரிக்கு. அதுக்குத்தானே அரியலூரு வந்தேன். கார்டுல போட்டிருக்குமே லா."

கார்டு கடைச் சுவரில் இருந்தது. இத்தனை வாரமும் தலைக்கு மேலேயே இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறைகூட நான் அதைப் படிக்கவில்லை. ஒட்டும்போது நேராக ஒட்டியிருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

"அப்ப அந்தப் பிடி, சார்?"

"நல்ல வாசனையா இருந்துச்சு. எங்கம்மாகிட்ட காட்டலாம்னு எடுத்தேன். ஏர்போர்ட்டுல தூக்கிப் போட்டுட்டாங்க."

வியாபாரிக்குப் பொறுமை போய்விட்டது. போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார்.

"ஐயா, வணக்கம். நான் உள்ளூரு வெங்காய வியாபாரி. நீங்க பிடி எடுத்த பட்டறை உங்களுக்கு வேணுமா, வேணாமா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

"எனக்கு எதுக்குங்க பட்டறை? வேணும்னா சார் அனுப்புவாரே. அவரு பெரிய எக்ஸ்போர்ட்டராச்சே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதுதான் நான் இத்தனை நாளாக ஒளிந்து திரிந்த கேள்வி. பட்டறை, மச்சான், வியாபாரி, கடல் தாண்டி ஒருவர் என்று நாலு பக்கமும் அடைத்து நின்றது. ஓட இடமில்லை.

"நான் எதுவும் ஏத்துமதி பண்ணதில்ல சார். ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன்."

"நல்ல தொழில்தானே சார்" என்றார் அவர், உண்மையான மரியாதையோடு. அதுதான் அன்றைக்குப் பட்ட பெரிய அடி. அதற்குப் பிறகு, "எனக்கு வேணாங்க, வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்றார்.

வேணாம்! போனை நான் வைப்பதற்குள் வியாபாரியின் கை பட்டறைக்குள் போய்விட்டது. நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து, முளை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து, துண்டில் முடிந்தார். மச்சான் மூச்சு விட்டார். அவர் அத்தனை நாளும் மூச்சை அடக்கி வைத்திருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்கே ஆள் இறங்கியது. முளைத்ததைக் கழித்துப் பொறுக்கினார்கள். ஓரமும் அடியும் கொஞ்சம் வீணானதுதான். நடுவில் கிடந்தது சிவப்பு மாறாமல் இருந்தது. பெண்கள் தாள் அரிந்து குவிக்கக் குவிக்க மூட்டை ஏறியது. ஒவ்வொருத்தியும் என்னைக் கடக்கும்போது, "என்ன எக்ஸ்போர்ட்டு, கப்பல் எப்ப வருது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு வேலை எதுவும் இல்லை; வீட்டுக்குப் போகவும் முகமில்லை. அதனால் வியாபாரியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இந்த லோடு எங்கண்ணே போவுது?"

"திருச்சிக்கு. அங்க ஒரு கம்பெனிக்காரங்க வாங்கிக்குவாங்க."

"அங்கேருந்து?"

"பிளைட்டுல போவும். சிங்கப்பூரு, மலேசியா, எங்க கேக்கறாங்களோ அங்க."

"மலேசியாவுக்கா?"

"வருசா வருசம் போயிட்டுத்தானே இருக்கு. இதுல என்ன அதிசயம்?" என்று சொல்லிவிட்டு அவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டப் போய்விட்டார்.

நான் அப்படியே நின்றேன். என் வாழ்நாள் முழுக்க என் கடை வாசலைத் தாண்டித்தான் அந்த லாரிகள் போயிருக்கின்றன. எங்கே போகிறது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. ஆனாலும் என் புத்தி அதோடு நிற்குமா? ஒரே நொடியில் எனக்குள் இருந்த ஏற்றுமதியாளன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். லாரிப் பக்கம் தார்ப்பாயின் ஒரு கோடியைப் பிடித்துக்கொண்டிருந்த மச்சானிடம் ஓடினேன்.

"பாத்தீங்களா மச்சான், கடைசியில நான் சொன்ன எடத்துக்குத்தான் போவுது!"

மச்சான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தக் கோடியப் புடிங்க மாப்ள."