அடிக்குரல் இல்லாத வெள்ளி விழா

இந்த நாலு குரல் பாட்டுக்குழுவின் வரலாற்றை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில், ஒத்திகையின் நடுவே, முதற்குரல் அங்கிள் பாதி கடித்த மீன் ரோல்ஸை ஆட்டிக்கொண்டு, “நிப்பாட்டாதேங்கோ, பாடுங்கோ” என்று சொன்ன கணத்தில்தான்.

பாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு அப்போதுதான் தொலைபேசி வந்திருந்தது. அவர் குழுவின் அடிக்குரல், பேஸ். மற்ற மூன்று குரல்களும் ஏறி நிற்கிற தரை அவருடையது. முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்த அக்காவும் பிள்ளைகளும் கடந்து தப்புவதற்காகக் கடலேரிக்குள் இறங்கிவிட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு தொடர்பில்லை. அவர் சுவரோடு சாய்ந்து நின்றார். மற்ற மூவரும் ஒரு வரியைக்கூட விடாமல் பாடி முடித்தார்கள்.

போர் முடிந்துகொண்டிருந்த அந்த மே மாதத்தில்தான் இவர்களுக்கு வெள்ளி விழா வந்து தொலைத்தது.

நால்வரும் யாழ்ப்பாணத்தில் ஒரே பங்கில் பூசைக்குப் பாடியவர்கள். எண்பதுகளில் புலம்பெயர்ந்து இங்கே வந்து, பழைய கசெட்டுகளைக் கேட்டுக் கேட்டு, கறுப்பின மக்களின் கொஸ்பல் பாட்டுகளையும் கொஞ்சம் ஜாஸையும் நாலு குரலில் பிரித்துப் பாடப் பழகினார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், செத்தவருக்கு முப்பத்தோராம் நாள், எதையும் விட்டதில்லை. எல்லா இடத்துக்கும் ஒரே ஊதா வெயிஸ்ற்கோட். நன்றாகப் பாடுவார்கள், அதை மறுக்க மாட்டேன். என் ஆத்திரமே அதுதான். அடிமைப்பட்ட சனம் ஆற்றைக் கடந்து அக்கரை சேரும் பாட்டை முதற்குரல் அங்கிள் கண்ணை மூடி உருகிப் பாடுவார். பாடிவிட்டு வீட்டுக்குப் போய், கறுப்பர் என்றால் பேஸ்மென்ட் வாடகைக்கு இல்லை என்பார். இரண்டும் ஒரே வாய்.

நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். குழுவில் என் வேலை, ஒவ்வொரு பாட்டுக்கும் கீபோட்டில் சுருதி கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது. ஆகவே பார்க்க நிறைய நேரம் இருந்தது.

விழாவை என்ன செய்வது என்று கூடிப் பேசினார்கள்.

“சண்டையை நிப்பாட்டச் சொல்லிச் சனம் றோட்டில நிண்டு கத்துது. இப்ப ஜாஸ் பாடினா எங்களைச் செருப்பாலதான் அடிப்பினம்” என்றார் இரண்டாம் குரல்.

“அதுக்கென்ன? வெள்ளி விழா எண்டதை எடுத்துப்போட்டு நினைவஞ்சலி எண்டு போடுவம்” என்றார் முதற்குரல்.

“பாட்டு?”

“பாட்டு உதுதான். ஆறு கடக்கிற பாட்டைக் கடைசியில விட்டா இன்னும் பொருத்தம்.”

இதை அவர் அடிக்குரல் அங்கிளின் முகத்துக்கு நேரே சொன்னார். மூன்றாம் குரல் தலையாட்டினார். மூன்றாம் குரல் தலையாட்டாத விஷயம் ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

ஆக, வெள்ளி விழா அஞ்சலியானது. சுவரொட்டியில் கேக்கின் படம் போய் மெழுகுதிரியின் படம் வந்தது. ரோல்ஸ் அப்படியே இருந்தது. ஊதா வெயிஸ்ற்கோட்டில் கறுப்பு ரிபன் குத்திக்கொண்டார்கள். எங்கள் ஆட்களுக்கு எந்த நிகழ்ச்சியையும் இரண்டு நாளில் அஞ்சலியாக்கத் தெரியும். மண்டபத்தைக் கைவிட மட்டும் தெரியாது.

அடிக்குரல் அங்கிள் என்னைக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போனார். அதிகம் பேசாத மனிதர்.

“பிள்ளை, நான் வரேல்லை. அந்தத் தண்ணிப் பாட்டை என்னால பாட ஏலாது.”

“விளங்குது அங்கிள்.”

“அவை உம்மைக் கீபோட்டில என்ர குரலை அடிக்கச் சொல்லுவினம். அடிக்காதேயும். என்ர இடம் வெறுமையாக் கிடக்கட்டும். ஏன் வெறுமையாக் கிடக்குதெண்டு ஆரும் ஒருத்தர் கேக்கட்டும்.”

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் ஓம் என்றேன்.

அவர் எதிர்பார்த்தபடியே மற்றவர்கள் என்னிடம் கேட்டார்கள். மேடைக்கு ஏறுமுன் முதற்குரல் என் தோளைத் தட்டினார். “பிள்ளை, பேஸை நீர் பிடியும். அந்த மெஷினில எல்லாம் கிடக்குத்தானே.”

“நான் அடிக்கமாட்டன் அங்கிள்.”

“விசரே உமக்கு? உது ஆருக்கு விளங்கப் போகுது? சனம் வாறதே ரோல்ஸுக்கு.”

பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து, “எங்கட பேஸ் அண்ணைக்குத் திடீரெண்டு தடிமன், தொண்டை அடைச்சுப்போச்சு” என்று அறிவித்தார். கடலேரியில் காணாமல்போன தமக்கையைத் தேடிக்கொண்டிருக்கும் மனிதருக்குத் தடிமன்! நான் சுருதியைக் கொடுத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

அடிக்குரல் இல்லாமலே மூவரும் பாடிவந்து, கடைசியாக ஆறு கடக்கும் பாட்டைத் தொடங்கினார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் அடியில் முதற்குரல் மெல்ல மேலே நழுவினார். பிடித்து இழுக்கக் கீழே ஆளில்லை. மற்ற இருவரும் அவரைத் துரத்திக்கொண்டு ஏறினார்கள். ஆறு கடக்கும் இடத்தில் மூன்று பேரும் கழுத்து நரம்பு புடைக்க, தொடங்கிய சுருதிக்கு எங்கோ உயரத்தில் தனித்தனியாகக் கத்தினார்கள். அங்கே அடிக்குரல் மட்டும் தனியே நாலு அடி பாட வேண்டும். மூவரும் வாயை மூடிக்கொண்டு என்னை முறைத்தார்கள். நான் அசையவில்லை. மண்டபம் மௌனமாக இருந்தது.

சனம் அதை மௌன அஞ்சலி என்று நினைத்து எழுந்து நின்றது!

முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர்கூட, அந்த ஒருவர்கூட, அவர் எங்கே என்று கேட்கவில்லை. வாசலில் ஓர் அன்ரி என் கையைப் பிடித்து, “அந்த மௌனம் நல்ல ஐடியா மகள்” என்றார். முதற்குரல் அதைக் கேட்டுவிட்டார். “ஓம், அது என்ர யோசனைதான்” என்றார் உடனே.

இப்போது விழா மலருக்குக் குழுவின் வரலாற்றை என்னையே எழுதித் தரச் சொல்கிறார்கள். அரைப் பக்கம் போதுமாம், மிச்சத்துக்கு வாழ்த்துச் செய்திகள் இருக்கின்றனவாம். தடிமனையும் அந்த மௌனத்தையும் மறக்காமல் சேர்க்க வேண்டுமாம்.

எழுதுவேன். அரைப் பக்கத்தில் அடங்காது, மலரிலும் வராது. அடிக்குரல் அங்கிளின் அக்காவைப் பற்றி இன்னும் செய்தியில்லை. வரும் சனிக்கிழமை ரயிலேறிப் பிக்கரிங்கில் அவர் வீட்டுக்குப் போகிறேன். அடிக்குரல் அங்கிள் தன் வரிகளை மட்டும், தனியே, தொடக்கத்திலிருந்து பாடிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பாட்டையும் எங்கே, யாருடைய சாவீட்டில், எதற்காகப் பாடினார்கள் என்றும் சொல்வார். அவற்றை ஒலிப்பதிவு செய்து அதன்மேல் வரலாற்றைக் கட்டிப் பார்க்கப் போகிறேன். தண்ணிப் பாட்டு வரும்போது அவர் நிறுத்தினால், பதிவை நிறுத்தாமல் விடுவேன்.